தட்டு, கூப்பிடு, காது கொடு

பதினாலாம் அறை பூட்டியிருந்தது. அதன் வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடைக்கூடத்தில் வந்த மணிமொழி அப்படியே நின்றுவிட்டாள். நீல ரப்பர் செருப்பு. வலது காலில் மட்டும் வார் சிவப்பு. அறுந்த பழைய வாருக்குப் பதில் வேறு ஏதோ செருப்பின் வாரைக் கோத்து, அடியில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. குதிகால் அழுந்தி அழுந்தி அந்த இடத்தில் ரப்பர் கண்ணாடி மாதிரி தேய்ந்திருந்தது.

அந்தச் செருப்பை அவளுக்குத் தெரியும். யாருடைய காலில் பார்த்தாள் என்றும் தெரியும். அந்தக் கால் எரிந்து ஒரு மாதம் ஆகிறது.

"வேடியப்பா!" என்று கூப்பிட்டாள். குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அது தன் குரல் மாதிரியே இல்லை என்று தோன்றியது.

வேடியப்பன் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அடி அண்ணாமலைக்காரன், முப்பது வயதிருக்கும். பதினாலாம் அறையை வாடகைக்கு வைத்திருந்த தங்கம்மாள் செத்த பிறகுதான் முதலாளி அவனைக் காவலுக்கு வைத்தார். "இன்னாக்கா?"

"இது யாரோடது?"

அவன் குனிந்து பார்த்தான். "யாராவது கிரிவலம் போறவங்க உட்டுட்டுப் போயிருப்பாங்க. இன்னிக்குப் பௌர்ணமி இல்ல? எங்க நெழலு கெடைக்குதோ அங்க செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்கால்ல நடக்கவேண்டியது. திரும்பி வந்து எந்த எடம்னே மறந்துருவாங்க." அவன் சிரித்தான். "ஏன் இப்படி முழிக்கிறீங்க? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. உங்களுக்குச் செருப்புகூடவா?"

செருப்பை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கத்து மர அடுக்கில் போட்டான். கிரிவலம் போகிறவர்கள் உள்நடைக்கூடத்தில், அதுவும் கடைசிக்குப் பக்கத்து அறை வரைக்கும் வந்து எப்படிச் செருப்பை விடுவார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. மணிமொழி யோசித்தாள். யோசித்தாலும் வாயைத் திறக்கவில்லை. இந்த ஒரு மாதமாக அவளுக்கு அதுதான் பழக்கம்.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் நெல் குடோன். கீழ்பென்னாத்தூர் ராஜமாணிக்கம்தான் முதலாளி. நெல் வியாபாரம் படுத்ததும் உள்ளே தடுப்புச் சுவர் எழுப்பி, அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷட்டர் மாட்டி, பொருள் வைத்துக்கொள்ள வாடகைக்கு விட்டார். ரமணாசிரமம் பக்கம் ஆறு மாதம் தங்கித் தியானம் செய்கிற வெளிநாட்டுக்காரர்கள், வெயில் ஏறியதும் மெத்தை, குக்கர், சைக்கிள், புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் இங்கே போட்டுப் பூட்டிவிட்டு ஊருக்குப் பறந்துவிடுவார்கள். ஐப்பசியில் வந்து திறப்பார்கள். திறந்து உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றி வாசலில் விடுவார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த ஊரில் நாலு நாள் இருந்தால் வெள்ளைக்காரனுக்கும் அது வந்துவிடும். உள்ளூர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம், அறைக்குள் ஒரு சாமி படம் இருந்தால் போதும்.

அதனால் மணிமொழி தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். வாசலில் செருப்பு இருந்தால் ஆள் உள்ளே. செருப்பு இல்லையென்றால் அறை காலி. எட்டிப் பார்க்க வேண்டாம், கத்த வேண்டாம், தூரத்திலிருந்தே தெரியும்.

சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் வேறு கணக்கு எழுதியிருந்தது. பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வந்த ஒருவர் போன வருஷம் எழுதவைத்துவிட்டுப் போனது: பூட்டுமுன் தட்டு, கூப்பிடு, காது கொடு. "மூணு தட்டு தட்டணும்மா. யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடணும். அப்புறம் கம்முனு நிக்கணும். நிக்கறதுதான் முக்கியம். உள்ள மயங்கிக் கெடக்கறவன் ஒடனே பதில் சொல்லமாட்டான்" என்றார் அவர். உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி ஷட்டருக்கு ஒரு கொக்கி வைக்கவும் சொன்னார். முதலாளி "பாக்கலாம்" என்றார். மணிமொழி தலையாட்டினாள். இரண்டு நாள் தட்டினாள். மூன்றாம் நாளிலிருந்து செருப்பைத்தான் பார்த்தாள்.

தங்கம்மாளுக்கு இந்தக் குடோன்தான் வீடு. புருஷன் போன பிறகு போளூர் வீட்டை விற்றுவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று வந்த பொம்பளை. ஆசிரமம் பக்கம் அவளுக்குக் கிடைத்த அறையில் கட்டில் நுழையவில்லை. கட்டில், பீரோ, அண்டா, தையல் மெஷின் எல்லாமே பதினாலில் வந்து உட்கார்ந்தன. தினமும் மத்தியானம் வருவாள். செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து விடுவாள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். சில நாள் தூங்கியும் விடுவாள். உள்ளே யாரும் தங்கக் கூடாது என்பது சட்டம். மணிமொழிக்குத் தெரியும்.

"கொஞ்ச நேரம் எங்க வூட்ல உக்காந்துட்டுப் போறேன் மணி" என்பாள் தங்கம்மாள். அதற்கு மேல் என்ன சொல்லி வெளியே அனுப்புவது?

சித்திரைப் பௌர்ணமி அன்று ஊரே கூட்டத்தில் மிதந்தது. கிரிவலப் பாதையில் தடுப்புப் போட்டுவிட்டார்கள். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியேதான் என்றார்கள். இந்த பஸ்ஸை விட்டால் கீழ்பென்னாத்தூருக்கு எப்போது போவது என்ற ஒரே நினைப்பில் மணிமொழி சீக்கிரமே ஷட்டர்களை இழுத்துக்கொண்டு வந்தாள். வெளியே நாலு பக்கமும் ஒலிபெருக்கி. பதினாலின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. வாசலைப் பார்த்தாள்.

செருப்பு இல்லை.

காலால் ஒரு மிதி. ஷட்டர் இறங்கியது. பூட்டினாள். ஓடினாள். பஸ் கிடைத்துவிட்டது, ஜன்னலோர இடம்கூடக் கிடைத்தது.

கிரிவலம் போகிற நாளில் தங்கம்மாள் செருப்பே போடமாட்டாள். ஆசிரமம் பக்கத்து அறையை விட்டுக் கிளம்பும்போதே வெறுங்கால்தான். இது மணிமொழிக்குத் தெரியாத விஷயமா? ஒவ்வொரு பௌர்ணமியும் பார்த்ததுதானே. பாவி, அந்த ஒரு நாள் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாள் எப்போதுமே குடோனுக்கு விடுமுறை. அதற்கும் மறுநாள் காலையில் மணிமொழிதான் முதலில் வந்தாள். பதினாலைத் தாண்டும்போது ஷட்டரின் கீழ்ப்பகுதி வெளியே புடைத்திருந்ததைப் பார்த்தாள். முஷ்டி முஷ்டியாக. வரிசையாக. தரையை ஒட்டி.

திறந்ததும் கண்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தங்கம்மாள் கட்டிலில் இல்லை. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த விரலளவு இடுக்கில் வாயை வைத்தபடி கிடந்தாள். மணிமொழி கத்தவில்லை. அதுதான் அவளுக்கே இன்றைக்கும் ஆறவில்லை, ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அந்த உடம்பை இழுத்துப்போய்க் கட்டிலில் கிடத்தினாள். புடவையைச் சரிசெய்தாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்தக் கைகளின் முட்டிகளைக் கழுவினாள், முந்தானைக்குள் வைத்து மூடினாள். அதற்குப் பிறகுதான் முதலாளிக்குப் போன் செய்தாள்.

வயசான அம்மா, அக்கினி வெயில், தூக்கத்திலேயே போய்விட்டாள். வந்து பார்த்த போலீஸும் முதலாளியும் அப்படித்தான் முடித்தார்கள். புடைப்பை யாரும் கேட்கவில்லை. சாமான் இடித்து நசுங்காத ஷட்டர் அந்தக் குடோனில் எது?

வேலூரிலிருந்து ஓடி வந்த மகள் ரேவதி மட்டும் கேட்டாள். "பூட்டும்போது எங்கம்மா பதில் குடுக்கலையாக்கா?"

"தட்டினேம்மா. கூப்ட்டேன். பதிலே வரல."

"அப்ப அதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. கஷ்டப்படல" என்று ரேவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கழுவிய கையை.

அதற்கப்புறம் முதலாளி ஷட்டருக்கெல்லாம் நீலப் பெயின்ட் அடித்தார். ஒவ்வொரு அறைக்குள்ளும் தொங்கவிட ஒரு பை நிறைய விசில் வாங்கிக் கொடுத்தார். உள்ளே மாட்டிக்கொண்டால் ஊத வேண்டுமாம். மணிமொழி எல்லா அறையிலும் ஆணி அடித்து மாட்டினாள். பதினாலில் மட்டும் மாட்டவில்லை. அந்த வாசலைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை. அந்த ஒரு விசில் அவள் மேஜை இழுப்பறையில் கிடந்தது. மேஜையைத் திறக்கும்போதெல்லாம் உருண்டு முன்னால் வரும்.

இன்று ரேவதி வருகிறாள், அம்மாவின் பொருளை எடுக்க.

வெயில் சாயும் நேரத்தில் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தாள் ரேவதி. இளைத்திருந்தாள். "வண்டி உள்ள வுடலக்கா. சாமி வெளக்கும் போட்டோவும் மட்டும் இன்னிக்கு எடுத்துக்கறேன். மத்தது நாளைக்கு வண்டியோட வந்து எடுத்துக்கறேன்."

மணிமொழி பூட்டைத் திறந்து, சாவிக்கொத்தோடு வாசல் ஓரத்தில் வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினாள். அது தலை உயரம் வரை வந்து சிக்கிக்கொண்டது. உள்ளிருந்து ஒரு மாத வெக்கை முகத்தில் மோதியது. விபூதி, அந்துருண்டை, காறிப்போன தேங்காயெண்ணெய், இரும்புத் துரு எல்லாம் கலந்த வாடை, அதற்கும் அடியில் புழுங்கின துணியை மூடிவைத்த மாதிரி இன்னொரு வாடை. ரேவதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மணிமொழி வாசலிலேயே நின்றாள்.

ரேவதி கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தையல் மெஷினைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள். "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கமாட்டீங்களே?"

"கேளும்மா."

"தெனம் கனவு வருது. அம்மா எங்கியோ உள்ள இருந்து தட்டிக்கினே இருக்காங்க. நான் கதவத் தேடறேன், கெடைக்கவே மாட்டேங்குது. எந்திரிச்சு உக்காந்தாலும் காதுல அந்தச் சத்தம்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமா அன்னிக்கு உள்ள சத்தம் எதுவும் இல்லல்ல?"

சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடலாம். மணிமொழியின் தொண்டை வரைக்கும் அது வந்துவிட்டது. நான் தட்டவே இல்லம்மா, செருப்பு இல்லன்னு பூட்டிட்டேன், உங்கம்மா அங்க கெடக்கல, இங்க கெடந்தாங்க. சொன்னால் இந்தப் பெண் தூங்கமாட்டாள். இல்லை, அது சாக்கு. சொன்னால் வேலை போகும், போலீஸ் மறுபடி வரும், கீழ்பென்னாத்தூர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அதுதான் உண்மையான பயம், அவளுக்கே தெரிந்தது.

"சத்தமே இல்லம்மா. தட்டினேன், கூப்ட்டேன், ஒண்ணுமே இல்ல. மனசப் போட்டு ஒழப்பிக்காத."

டொக். டொக். டொக்.

பீரோவுக்குப் பின்னாலிருந்தா, ஷட்டரிலிருந்தா, தெரியவில்லை. மெதுவாக, வேண்டாத விருந்தாளி கதவைத் தட்டுகிற மாதிரி. மணிமொழி ரேவதியைப் பார்த்தாள். ரேவதி விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

வெளியே வரும்போது ரேவதி தலை உயரத்தில் நின்ற ஷட்டரின் உள்பக்கத்தைப் பார்த்தாள். பெயின்ட் வெளியேதான் அடித்திருந்தது, உள்ளே பழைய தகரம் அப்படியே இருந்தது. குழி குழியாக. "இன்னாக்கா, இங்க இப்படி நசுங்கிக் கெடக்கு?"

"யாரோ சாமான் இடிச்சதும்மா. பழைய ஷட்டர்."

ரேவதி அந்தக் குழிகளில் ஒன்றை விரலால் தொட்டாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வாசல் வரைக்கும் போய் அவளை வழியனுப்பிவிட்டு மணிமொழி வாசலை ஒட்டிய தன் மேஜையருகில் கொஞ்ச நேரம் நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டி நெஞ்சு பூராவும் புண்ணாகிவிட்டது. போன் சார்ஜில் கிடந்தது. எடுத்து ரேவதியைக் கூப்பிடலாமா என்று கையை நீட்டினாள். நாளைக்கு வருவாள் இல்லையா, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கையை இழுத்துக்கொண்டாள். ரோட்டில் கூட்டம் தொடங்கிவிட்டது. ஆயிரம் வெறுங்கால்கள் தாரில் உரசுகிற சத்தம் குடோன் சுவருக்கு அந்தப் பக்கம் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. அன்னதானப் பந்தலில் ஒலிபெருக்கி கரகரத்துப் பாட ஆரம்பித்தது.

"அக்கா, நான் அந்தக் கோடியிலருந்து தட்டிக்கினு வரேன்" என்று வேடியப்பன் குரல் கொடுத்தான். "நீங்க பதினாலப் பூட்டிடுங்க."

அவன் தினமும் ஒழுங்காகத் தட்டுவான். டம் டம் டம். "யாராச்சும் இருக்கீங்களா?" பிறகு நின்று காது கொடுப்பான். அவன் அப்படி நிற்பதைப் பார்த்தால் அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.

நடைக்கூடத்தில் திரும்பினாள். மின்சாரம் போனது. பௌர்ணமி நாளில் போகிறதுதான். கூரையில் பதித்திருந்த ஒன்றிரண்டு கண்ணாடி ஓட்டிலிருந்து அந்திவெளிச்சம் செம்மண் கரைசல் மாதிரி கீழே விழுந்தது.

பதினாலின் வாசலில் செருப்பு.

நீலம். வலது வார் சிவப்பு. இரண்டும் ஒழுங்காகச் சேர்ந்து, உள்ளே பார்த்தபடி.

ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. அவள் அதை இறக்கவில்லை. சிக்கிக்கொண்டிருந்ததே, யார் இறக்கினார்கள்? ரேவதி திரும்பி வந்துவிட்டாளா? வாசல் வழியாகத்தானே வர வேண்டும், அங்கே மணிமொழிதானே நின்றிருந்தாள்.

உள்ளே பாத்திரம் துடைக்கிற சத்தம் கேட்டது. பித்தளையில் துணி. சுற்றிச் சுற்றி. நின்றது. மறுபடி சுற்றியது.

காலால் ஒரு மிதி மிதித்தால் ஷட்டர் இறங்கிவிடும். பூட்டிவிட்டு ஓடிவிடலாம். கால் உயர்ந்தும் விட்டது. ஐயோ, மறுபடியுமா? அதே கால். அதே மிதி.

காலைக் கீழே வைத்தாள். கை தானாக எழுந்தது. அந்த இரண்டு நாளுக்கு அப்புறம் ஒரு நாளும் பதினாலில் தட்டாத கை. தகரத்தில் மூன்று முறை தட்டினாள்.

"யாராச்சும்..." குரல் உடைந்தது. "யாராச்சும் இருக்கீங்களா?"

காது கொடுத்தாள்.

பாத்திரச் சத்தம் நின்றது. ரோட்டில் கால்கள் உரசிக்கொண்டிருந்தன. தகரக் கூரை வெக்கை ஆறி டிக் டிக் என்று சுருங்கியது. பிறகு தரையை ஒட்டி, ஷட்டரின் கீழ்ப்பகுதியில், உள்ளேயிருந்து.

டொக். டொக். டொக்.

பதில் வந்துவிட்டது.

பதில் வந்த பிறகு எப்படிப் பூட்டுவது? எதுவாக இருந்தால்தான் என்ன, உள்ளே ஒன்று இருந்துகொண்டு பதில் சொல்கிறது. அதன் முகத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு இன்னொரு பஸ்ஸைப் பிடித்து இன்னொரு ஜன்னலோரத்தில் உட்கார அவளால் முடியாது. அழுகை வந்தது. தன் செருப்பைக் கழற்றி அந்த நீலச் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். அந்த நேரத்திலும் கழற்றத்தான் தோன்றியது. குனிந்து ஷட்டருக்கு அடியில் நுழைந்தாள்.

வெக்கை. அடுப்படி மாதிரி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டிலின் விளிம்பு முழங்காலில் இடித்தது. கையை நீட்டித் தடவினாள். மெத்தையில் ஒரு பள்ளம் இருந்தது, ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். சூடாக இருந்தது.

"அம்மா" என்றாள்.

மூச்சுச் சத்தம். கட்டிலிலிருந்து இல்லை. தரையிலிருந்து. இடுக்கில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சுகிற மூச்சு.

"மணி." வறண்ட குரல். வார்த்தைக்கு வார்த்தை நாக்கு ஒட்டிக்கொண்டு பிரிகிற குரல். "அன்னிக்குத் தட்டினியா?"

ஒரு வார்த்தை. இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வந்தாள். வாயைத் திறந்தாள்.

போலீஸிடம் சொன்னது, முதலாளியிடம் சொன்னது, ரேவதியிடம் இரண்டு முறை சொன்னது. சொல்லிச் சொல்லித் தடம் விழுந்துபோன நாக்கு.

"தட்டினேம்மா" என்றாள் மணிமொழி. "கூப்ட்டேன். பதிலே வரல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று தெரிந்தது. "இல்ல... இல்லம்மா..."

மூச்சு நின்றது.

அவளுக்குப் பின்னால் ஷட்டர் இறங்கியது. வேகமாக இல்லை. சட்டம் சட்டமாக, நிதானமாக. தரையில் உட்கார்ந்தது.

பாய்ந்து போய்த் தூக்கினாள். வரவில்லை. உள்ளே பிடி இல்லை, கொக்கி இல்லை. விசில்! சுவரைத் தடவினாள். மேலே, கீழே, மூலையில். ஆணிகூட இல்லை. இழுப்பறை. அது இழுப்பறையில் கிடக்கிறது. போன் சார்ஜில்.

டம். டம். டம்.

வெளியேயிருந்து. உயிர் வந்தது. வேடியப்பன்! ஒழுங்கானவன், தட்டாமல் போகாதவன், சாமி மாதிரி வந்துவிட்டான்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

"வேடியப்பா! நாந்தான்! மணிமொழி! தொற!" இரண்டு கையாலும் தகரத்தைக் குத்தினாள். "உள்ள இருக்கேன்! வேடியப்பா!" தொண்டை கிழிந்தது. ஷட்டர் அதிர்ந்தது, அறை அதிர்ந்தது, அண்டா கணகணத்தது.

தரையில் படுத்தாள். விரலளவு இடுக்கில் கண்ணை வைத்தாள். டார்ச் வெளிச்சத்தில் வேடியப்பனின் கால்கள் தெரிந்தன. அசையாமல் நின்றன. அவன் காது கொடுத்துக்கொண்டிருந்தான். கையெட்டும் தூரம். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். அவசரப்படவில்லை, விதிப்படி முழுசாக நின்றான்.

பிறகு அவன் கால்கள் பக்கவாட்டில் திரும்பின.

"பதில் ஒண்ணும் வரலக்கா" என்றான்.

யாரிடம்?

வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்தது. அவன் கால்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள். வெடித்த குதிகால். கிரிவலப் பாதையின் செம்புழுதி கணுக்கால் வரைக்கும். அந்தக் கால்கள் மணிமொழியின் செருப்பைத் தேடி, ஒவ்வொன்றாக, நிதானமாக நுழைத்துக்கொண்டன.

"தட்டின இல்ல?" மணிமொழியின் குரல். அதே கீழ்பென்னாத்தூர் இழுப்பு. "கூப்ட்ட இல்ல? அப்பப் பூட்டு. எனக்கு பஸ்ஸு போயிடும்."

பூட்டு விழுந்தது. சாவி திரும்பியது.

சரக், சரக் என்று அவள் செருப்பு நடைக்கூடத்தில் நடந்து போனது. அவன் ஏதோ சொன்னான், அது சிரித்தது. டார்ச் வெளிச்சம் இடுக்கில் மெலிந்து மெலிந்து மஞ்சள் நூலாகி, போயே போனது. வெளியே ஒலிபெருக்கி இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடியது.

நாளைக்கு ரேவதி வருவாள். வண்டியோடு வருவாள். கனவில் தேடின கதவு இதுதான் என்று தெரியாமலே வந்து திறப்பாள். நாளைக்கு.

மறுநாள் குடோனுக்கு விடுமுறை என்று ரேவதியிடம் சொல்ல அவள் மறந்திருந்தாள்.

மணிமொழி இருட்டில் தகரத்தைத் தடவினாள். தரையை ஒட்டி, வரிசையாக, அந்தக் குழிகள். முஷ்டியை மடக்கி முதல் குழியில் வைத்தாள்.

அளவெடுத்த மாதிரி பொருந்தியது. உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது.